புதுப்பிப்பு: காலி உறை சிக்கிய .22 ரைஃபிள் சரியாகிவிட்டது

சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன்: டெக்சாஸில் காகித இலக்குகளைச் சுட நான் வைத்திருக்கும் அரைத்தானியங்கி .22 (சிறு அளவுத் தோட்டா) ரைஃபிள், சுட்டபின் மிஞ்சும் காலி உறையை வெளியே தள்ளாமல் அடிக்கடி உள்ளேயே விட்டுவிடுகிறது. அடுத்த தோட்டா அதன்மேல் முட்டி நிற்கிறது. தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசின்தான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். தவறு. புது மேகசினிலும் அதே தொல்லை.

தோட்டா இல்லை என்று இருமுறை உறுதிசெய்துகொண்டு சுடும்போது முன்னும் பின்னும் நகரும் போல்ட்டைக் கழற்றினேன். அதில் காலி உறையைப் பற்றி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் மெழுகும் கரியும் கலந்து, அடிப்பிடித்த பால்போல் இறுகிக் கிடந்தன. பல்குத்தும் குச்சியால் சுரண்டியபோது கறுப்புச் செதில்களாக உதிர்ந்தன. கொக்கியால் உறையின் விளிம்பை முழுதாகப் பற்ற முடியவில்லை, அவ்வளவுதான். .22 தோட்டாவின் ஈயக் குண்டில் பெரும்பாலும் மெழுகோ எண்ணெய்ப் பசையோ பூசியிருக்கும். அழுக்கு சேராமல் இருக்காது. தோட்டா அறையையும் வெண்கலத் தூரிகையால் தேய்த்தேன்.

நேற்று 200 தோட்டாக்கள் சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. வேகம் குறைந்த தோட்டாக்களில் மட்டும் போல்ட் முழுதாகப் பின்னால் போகவில்லை. அவற்றின் விசை போதவில்லை. எண்ணெயை அள்ளி ஊற்றாதீர்கள், கரியை அது பிடித்துவைக்கும் என்று சொன்ன நண்பருக்கு மனமார்ந்த நன்றி. நான் செய்துவந்தது அதைத்தான்.