திருஷ்டிப் பூசணியும் டென்னசி வாத்தியாரும்: துப்பாக்கி வீடியோ பார்த்த அனுபவங்கள்

கிணற்றடி எழுதியது:

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு, இரவுக் கஞ்சி குடித்து முடித்ததும் 'வாத்தியார்' வந்தாக வேண்டும். வாத்தியார் என்றால் யூடியூபில் துப்பாக்கி வீடியோ போடும் ஹிக்காக்45. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் வீட்டு நிலைப்படியில் இரண்டு முறை தலையை இடித்துக்கொள்ளும் அளவுக்கு உயரம். 2007 முதல் தன் நிலத்தில் நின்று சுடுகிறார், மகன் படம் பிடிக்கிறார். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

அப்பாவுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. தீபாவளிக்குச் சுருள் கேப்பு கேட்டதற்கே என்னைத் திண்ணையில் நிறுத்தி வைத்தவர். ஆனால் அந்த மனிதர் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் திறந்து பார்த்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்கிறாரே, அதில் அப்பா மயங்கிவிட்டார். "வகுப்புக்கு வந்ததும் கரும்பலகையைத் துடைப்பவன்தான் நல்ல வாத்தியார்" என்றார். தூரத்துச் சரிவில் ஓர் இரும்புத் தட்டு தொங்கும். சுட்ட ஓசை அடங்கி, குறி தவறிவிட்டது என்று நாம் முடிவு கட்டும் நேரத்தில் 'டங்' என்று ஒலி வந்து சேரும். அப்பா ஒவ்வொரு முறையும் கச்சேரியில் சமத்துக்குத் தலையாட்டுவது போல ஆட்டுவார்.

ஒருநாள் வாத்தியார் கைத்துப்பாக்கியால் ஒரு பரங்கிக்காய்க்குக் கண், வாய் எல்லாம் செதுக்கினார். கத்தி கிடையாது, வெறும் தோட்டாதான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "திருஷ்டி கழிக்க நாம் பூசணியை நடுத்தெருவில் போட்டு உடைத்தால் போதும். இவருக்கு எவ்வளவு பெரிய கண் பட்டிருக்கிறதோ!" என்றார். நான் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. உங்கள் வீட்டுக் கதைகளையும் எழுதுங்கள்.

டாலஸ்வாசி எழுதியது:

நான் இருப்பது டெக்சாஸில். இங்கே வந்த புதிதில் இருநூறு வீடியோவாவது பார்த்திருப்பேன். எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு அலுவலக நண்பருடன் சுடுகளத்துக்குப் போனேன். வீடியோவில் 'டப்' என்று கேட்பது நேரில் காதுக்கு மட்டும் வருவதில்லை, மார்பில் வந்து அறைகிறது. செவிக்காப்பு மாட்டியிருந்தும் பக்கத்துத் தடுப்பில் யாரோ சுட்டபோது எனக்குக் கண் தானாக மூடியது. சைலன்சர் மாட்டினால் கொசு தும்முவது போல 'ப்ஸ்' என்று கேட்கும் என்று சினிமாக்காரர்கள் நம்மை இத்தனை வருடம் ஏமாற்றியிருக்கிறார்கள்.

அன்று நான் போட்டிருந்தது கழுத்து அகலமான பனியன். மூன்றாவது குண்டு சுட்டதும் தோட்டாவின் காலி உறை ஒன்று பறந்து வந்து நேராகக் கழுத்து வழியே உள்ளே இறங்கியது. அடுப்பிலிருந்து எடுத்த காசு போலச் சூடு! கையில் தோட்டா நிரம்பிய துப்பாக்கியோடு நான் கரகம் ஆடத் தொடங்கியிருப்பேன். அதற்குள் மேற்பார்வையாளர் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்து, குழலைச் சுடும் திசையிலேயே நிறுத்திவிட்டார். அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகுதான் சிரித்தார். நெஞ்சில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. மனைவி கேட்டதற்கு இஸ்திரிப் பெட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பு ஆசிரியை எழுதியது:

என் வகுப்பில், நகரும் பொருளைத் தண்ணீரும் காற்றும் தடுக்கும் விசை பற்றிய பாடத்துக்கு ஆன்ட்ரியாஸ் வால் என்ற நார்வே இயற்பியலாளரைத்தான் காட்டுவேன். 2016இல் உலகமே பார்த்த வீடியோ. நீச்சல் குளத்தில் வெறும் அரைக்கால் சட்டையோடு அவர் நிற்கிறார். எதிரே தண்ணீருக்குள் தாங்கியில் பொருத்திய ராணுவத் துப்பாக்கி, அவர் நெஞ்சுக்கு நேராக. விசையில் கட்டிய கயிற்றை அவரே இழுக்கிறார். தோட்டா குமிழிகளோடு சீறி வந்து, இரண்டு மீட்டருக்குள் களைத்துப்போய் மூழ்குகிறது. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது என்று நான் கரும்பலகையில் எழுதியதை எவனும் நினைவில் வைப்பதில்லை. அந்த அரைக்கால் சட்டையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு மாணவன், "அவர் வீட்டில் சொல்லிவிட்டா வந்தார், மிஸ்?" என்று கேட்டான்.

அதே வகுப்பில் இன்னொருவன், தடித்த புத்தகம் தோட்டாவைத் தடுக்குமா என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. 2017இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓர் இளம் ஜோடி யூடியூபுக்காக இதையே செய்து பார்த்தது. கலைக்களஞ்சியம் ஒன்றை அவன் நெஞ்சில் பிடித்துக்கொண்டான், காதலி சுட்டாள். அவன் இறந்துபோனான். ஆன்ட்ரியாஸ் வால் கணக்குப் போட்டுவிட்டுக் குளத்தில் இறங்கியவர் என்பதை அன்று பாடவேளை முழுக்கச் சொன்னேன்.

ரெட்டைக்குழல் எழுதியது:

என் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. காட்டுப்பன்றியை விரட்ட என்று வாங்கியது. பன்றிகள் அதைப் பார்த்ததே இல்லை. தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும், முடிந்ததும் திரும்ப வாங்கி வருவதும்தான் அது செய்யும் பயணம். பழைய வேட்டியில் சுற்றி, பேரனைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார். தோட்டா வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுத வேண்டும். அவரிடம் அமெரிக்கர் ஒருவர் தர்பூசணிகளை வரிசையாகச் சுடும் வீடியோவைக் காட்டினேன். முகத்தில் சிரிப்பே இல்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இத்தனைக்கும் இவன் எந்தத் தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கினான்?" என்றார்.

மாட்டு டாக்டர் எழுதியது:

கால்நடை மருத்துவர் என்ற முறையில் எங்கள் சங்கத்து ஆளைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. டெமாலிஷன் ராஞ்ச் என்ற துப்பாக்கிச் சேனலை நடத்திய மாட் கேரிக்கர் டெக்சாஸ் கால்நடை மருத்துவர். ஒரு சேனலில் எத்தனை வாணலியை அடுக்கினால் தோட்டா நிற்கும் என்கிற மாதிரியான ஆராய்ச்சி, இன்னொரு சேனலில் கைவிடப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு வைத்தியம். என் உதவியாளர் முதலில் இரண்டும் அண்ணன் தம்பி என்றே நினைத்திருந்தார்.

2024 ஜூலையில் டிரம்பைச் சுட்டவன் அணிந்திருந்தது இந்தச் சேனலின் பனியன். கேரிக்கர் அதிர்ந்துபோய்ப் பேசினார். வாணலியைச் சுட்டுச் சிரிக்க வைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! அதன் பிறகு பல வாரம் அந்த வீடியோக்களை நான் திறக்கவில்லை. நாய்க்குட்டிச் சேனல் மட்டும்தான்.

கட்டைவிரல் எழுதியது:

என் பெயருக்குக் காரணம் கென்டக்கி பாலிஸ்டிக்ஸ் என்ற துப்பாக்கிச் சேனலை நடத்துபவர். முன்பெல்லாம் அவருடைய வீடியோவைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். 2021 ஏப்ரலில் அவர் கையிலிருந்த .50 காலிபர் (அரை அங்குலத் தடிமன் குண்டு) துப்பாக்கி, தோட்டா ஒன்றின் மிகை அழுத்தம் தாங்காமல் பின்பக்கமாக வெடித்தது. பறந்த உலோகத் துண்டு கழுத்து நாளத்தைக் கிழித்தது. கண்குழி எலும்பும் உடைந்தது. காயத்துக்குள் தன் கட்டைவிரலைச் செருகி ரத்தத்தை அடைத்துக்கொண்டார். உடன் இருந்தவர் அவருடைய அப்பா. மருத்துவமனைக்கு விரைந்தார்கள், பிழைத்தார். சில வாரங்களில் திரும்பி வந்து, கட்டைவிரலை வைத்தே நகைச்சுவை செய்தார்! பனியனிலும் அச்சடித்துவிட்டார். நான் சிரித்தேன். ஆனால் கவனித்துப் பார்த்தபோது, அந்த வீடியோ ஓடும்வரை என் கை என் கழுத்திலேயே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் இப்போது பழைய பாட்டு கேட்கிறேன்.

கிணற்றடி எழுதியது:

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டைவிரல் கதையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, உடனிருந்த அந்தத் தகப்பனுக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். பெரியப்பாவின் தாசில்தார் கேள்வி நியாயமானது என்கிறார். டாலஸ்வாசி ஐயா, உங்கள் இஸ்திரிப் பெட்டி ரகசியத்தை அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் மனைவியின் சொந்த ஊர் எது என்று விசாரிக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.