திவ்விய சுபாவம் இருந்தால் சமம் ஆகிவிடுமா?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஓய்வுநாள் பள்ளியில் 12 வயதுப் பையன் ஒருவன் 2 பேதுரு 1:4-ல் விரலை வைத்து, "நாமும் திவ்விய சுபாவத்துக்கு (தேவனுடைய தன்மைக்கு) பங்குள்ளவர்கள்தானே? நாம் தேவனுக்குச் சமமில்லையே, அப்புறம் இயேசு மட்டும் எப்படி?" என்றான்.

நமக்கு அது கிருபையால் வரும் பங்கு, குமாரனுக்கு இயல்பிலேயே உள்ளது. கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் இயேசுவைப் 'பிதாவோடு ஒரே தன்மை' உள்ளவர் என்று அறிக்கையிட்டதும் அதனால்தான் என்றேன். உடனே யோவான் 14:28-ஐத் திருப்பினான்: "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்." அங்கே நின்றுவிட்டேன்.

இயேசு மனிதனாகத் தம்மைத் தாழ்த்தியதைச் சொல்கிறார் என்பார் பண்டைய திருச்சபைப் போதகர் அகுஸ்தீன். பிதாவே குமாரனுக்கு மூலம் என்ற பொருளில் என்பார் இன்னொரு பண்டைய போதகர் நசியான்சு கிரகோரி. எனக்கு முதலாவதுதான் பிலிப்பியர் 2:6-7 உடன் (தேவனுடைய ரூபமாயிருந்தும் அடிமையின் ரூபமெடுத்தார்) பொருந்துகிறது. சரியா? பையனுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? ஞாயிறுக்குள் உதவுங்கள்.