கைக்குழந்தையோடு டிசம்பரில் ஊட்டி: எங்கே தங்குவது, எத்தனை நாள்?

கடலோரத்தாள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தூத்துக்குடி. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு நீலகிரி போகலாம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நான், கணவர், மாமியார் (66 வயது, முழங்கால் வலி உண்டு), மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், 14 மாதப் பெண் குழந்தை. சொந்தக் கார். கணவர் போட்டிருக்கும் திட்டம் இது: முதல் நாள் ஊட்டி, இரண்டாம் நாள் பைக்காரா, முதுமலை, மூன்றாம் நாள் குன்னூர், கோத்தகிரி, நான்காம் நாள் அப்படியே கொடைக்கானல், அப்புறம் வீடு. கேட்கும்போதே எனக்கு மூச்சு முட்டுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் கொடைக்கானல் போனபோது வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே மகன் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டான், மேலே போய்ச் சேர்வதற்குள் ஐந்து தடவை. அன்றைக்குத் தங்கிய விடுதியில் ஹீட்டர் உண்டு என்று சொல்லித்தான் அறை கொடுத்தார்கள். இரவு பத்து மணிக்குக் கேட்டால் மொத்தம் இரண்டுதான் இருக்கிறது, வேறு அறைக்குக் கொடுத்தாச்சு என்றார்கள். கதவுக்கு அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. என் சேலையைச் சுருட்டி அதில் அடைத்துவிட்டு, மகனை நடுவில் போட்டு இரண்டு பேரும் அணைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். அப்போது பாப்பா பிறக்கவில்லை. இப்போது அவளையும் வைத்துக்கொண்டு அந்த மாதிரி ஒரு ராத்திரி எனக்கு வேண்டாம்.

கடல் மட்டத்திலேயே வளரும் குழந்தைக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா? எங்கே தங்கலாம்? மகனுக்கு மலை ரயில் கட்டாயம் வேண்டும், மற்றதெல்லாம் விட்டுக்கொடுப்பானாம்.

குன்னூர்வாசி

சகோதரி, உங்கள் மகன் சொன்னதுதான் சரியான திட்டம். ரயிலை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதில் பாதியை வெட்டிவிடுங்கள்.

முதலில் கொடைக்கானலை எடுத்துவிடுங்கள். வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரியும், ஆனால் ஊட்டியிலிருந்து மலையை முழுக்க இறங்கி, சமவெளியில் பழனி வரை ஓடி, திரும்பவும் மலை ஏற வேண்டும். சுமார் 250 கிலோமீட்டர், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு மலைப்பாதை ரொம்பப் பாவம். அடுத்து முதுமலை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவு, போதாததற்கு வெளியூர் வண்டிகளுக்கு அந்த வழியில் இறங்கக் கட்டுப்பாடும் உண்டு. கூடலூர் சுற்றிப் போனால் தூரம் இன்னும் அதிகம். யானையை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

தங்குவதற்கு ஊட்டி வேண்டாம், குன்னூர் அல்லது கோத்தகிரி என்பது என் கருத்து. ஊட்டி 2240 மீட்டர், குன்னூர் 1850 மீட்டர் போல. நானூறு மீட்டர்தானே என்று தோன்றும். டிசம்பர் ராத்திரியில் அந்த நானூறு மீட்டரை உடம்பு உணரும். எங்கள் பக்கம் நவம்பரில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி என்று பிரித்துச் சொல்வோம். நீங்கள் வருகிற நேரம் ஊட்டியில் உறைபனிக் காலம். விடியற்காலையில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் பக்கம் போனால் புல்வெளி உப்பளம் மாதிரி வெள்ளையாகக் கிடக்கும், நிறுத்தி வைத்த கார் கண்ணாடியில் பனி படர்ந்து சுரண்டினால்தான் வரும். சில நாள் பூஜ்ஜியம் டிகிரி வரை இறங்கிவிடும். குன்னூரிலும் குளிர்தான், ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது, ஆனால் பச்சைக் குழந்தை தூங்கக்கூடிய குளிர். மகனுக்கு அந்த வெள்ளைப் புல்லைக் காட்ட ஆசை இருந்தால் ஒரு நாள் விடியற்காலை அவனும் அப்பாவும் மட்டும் போய்விட்டு வரட்டும்.

உயரத்தைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். லடாக் மாதிரி இடங்களில் வரும் உயர நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேலேதான் பேச்சு. ஊட்டியில் காற்றழுத்தம் உங்கள் ஊரில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல், அதனால் முதல் நாள் படியேறினால் மாமியாருக்கு மூச்சு வாங்கலாம், லேசான தலைவலி வரலாம். அன்றைக்கு ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அறை பதிவு செய்யும்போது ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். வெந்நீர் எத்தனை மணி வரை வரும், அறைக்குப் போக எத்தனை படி, இந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இங்கே விடுதிகள் எல்லாம் சரிவில் கட்டியவை, தரைத்தளம் என்பார்கள், சாலையிலிருந்து நாற்பது படி கீழே இருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய வேதனை.

இன்னொன்று, குளிர்கிறது என்று யாராவது கரி அடுப்போ பார்பிக்யூ அடுப்போ அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். தீ அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும், வாசனையே தெரியாது. கதவு ஜன்னலை அடைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள்.

மலைப்பாதை ஓட்டுநர்

தங்கச்சி, நான் மேட்டுப்பாளையம். இருபது வருஷமாக இந்த மலையில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். வாந்திக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து ஒரே மூச்சில் மலை ஏறாதீர்கள். ராத்திரி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கிவிட்டுக் காலை ஆறு மணிக்கு மலை ஏறுங்கள். பையனுக்கு வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலா சாப்பிட்ட வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். கையில் போன் கொடுக்கவே கூடாது. வண்டிக்குள் குனிந்து திரையைப் பார்க்கும்போது கண்ணுக்கு வண்டி நிற்கிற மாதிரியும் காதுக்கு வளைகிற மாதிரியும் இருக்கும், குமட்டல் வருவது அதனால்தான். பின்சீட்டில் நடுவில் பெல்ட் போட்டு உட்கார வைத்து முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், நான் என் வண்டியில் ஏறும் பிள்ளைகளிடம் அடுத்த வளைவு இடதா வலதா என்று கேட்டுக்கொண்டே போவேன். ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கல்லாறு தாண்டினால் பர்லியாறில் பழக்கடைகள் இருக்கும், அங்கே கால் மணி நேரம் இறங்கி நடக்க விடுங்கள். குரங்கு நிறைய, கையில் தின்பண்டம் இருக்கக் கூடாது.

பிளாஸ்டிக் கவர் நம்பி வராதீர்கள், இந்த மாவட்டத்தில் தடை, தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் வண்டியில் மூடி போட்ட சின்ன வாளி ஒன்று வைத்திருக்கிறேன், அடியில் பழைய நியூஸ் பேப்பர். அதைவிட வசதியானது எதுவும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை: எந்த கியரில் ஏறினாரோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கருகிய வாசனை வரும், அப்போது ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விட வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடணும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேறு இருக்கிறது, உயர் நீதிமன்ற உத்தரவு, வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மதுரைக்காரி

பாப்பாவைப் பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். என் மகனை ஒன்றேகால் வயதில் குன்னூர் கூட்டிப் போனேன்.

ஏறும்போதும் இறங்கும்போதும் நமக்குக் காது அடைக்கும் இல்லையா, குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது, வீறிடும். இறங்கும்போதுதான் அதிகம். என் பிள்ளை பர்லியாறு வரும் வரை நிறுத்தாமல் அழுதான், நான் பசி என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் காதை இழுத்து இழுத்துத் தேய்க்கிறான். விழுங்கினால் காது திறந்துகொள்ளும். அதனால் வழியில் ரெண்டு மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி, மடியில் எடுத்துப் பால் கொடுங்கள், இல்லை தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். சளியோடு மூக்கு அடைத்திருந்தால் வலி இன்னும் மோசமாகும், கிளம்புகிற வாரம் சளி பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடத் தயங்காதீர்கள். வாந்தி மருந்து குழந்தைகள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், பெரிய பிள்ளைக்குக் கொடுப்பதைச் சின்னதுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள், இரண்டு வயதுக்குக் கீழே தரவே கூடாத மருந்துகள் அதில் இருக்கின்றன.

ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய பருத்திச் சட்டை மூன்று, மேலே ஒரு ஸ்வெட்டர். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள், உயரத்தில் தோல் சீக்கிரம் கருகும், தொப்பி வேண்டும்.

சாப்பாட்டு விஷயம் எனக்கு அங்கே போய்த்தான் புரிந்தது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கெட்டில் டப்பென்று அணைந்துவிடும், ஆனால் அரிசிக் கஞ்சி வேகாது, நொய்யாகவே நிற்கும். சின்னக் குக்கர் ஒன்று கொண்டு போங்கள், விடுதி அடுப்பில் வைத்துத் தரச் சொன்னால் செய்வார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே குடிதண்ணீரை மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். டயப்பரைத் தயவுசெய்து சாலையோரம் போடாதீர்கள் அம்மா, பேப்பரில் சுற்றி ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்து விடுதிக் குப்பையில் போடுங்கள். காட்டுமாடு வந்து மேயும் இடங்கள் அவை.

கடலோரத்தாள்

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். இ-பாஸ் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. கொடைக்கானல், முதுமலை இரண்டையும் அவரே எடுத்துவிட்டார். குன்னூரில் மூன்று ராத்திரி, எட்டுப் படிக்கு மேல் இல்லாத இடமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் ஏறினால் காரை என்ன செய்வது? பாப்பா அவ்வளவு நேரம் உட்காருவாளா?

குன்னூர்வாசி

மேட்டுப்பாளையத்திலிருந்து முழுப் பயணம் 46 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் பக்கம் ஆகும், கைக்குழந்தைக்கு அது நீளம். போதாததற்குக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மழையில் மண் சரிந்தால் டிசம்பரிலும் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் இப்படிச் செய்யுங்கள். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயில் பத்தரை மணி போலக் குன்னூர் வரும். பத்து மணிக்கே மகனைக் கூட்டிக்கொண்டு நடைமேடைக்குப் போய்விடுங்கள். நீராவி இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், அதை அவன் பார்க்கட்டும். தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் இருக்கும், இன்ஜினின் பல்சக்கரம் அதில் கவ்விக்கொண்டுதான் 1899லிருந்து இந்த ஏற்றம் ஏறுகிறது. குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டுவார்கள். பிள்ளைகள் வாய் திறந்து பார்க்கிற இடம் அதுதான்.

பிறகு குன்னூரிலிருந்து ஊட்டி வரை நீங்கள், மாமியார், பிள்ளைகள் ரயிலில் போங்கள், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வரிசையாக ஸ்டேஷன், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பகுதியில் அவ்வளவு ஏற்றம் இல்லை, வயிறும் புரட்டாது. கணவர் காரில் வந்து ஊட்டி ஸ்டேஷனில் காத்திருக்கட்டும். தாவரவியல் பூங்காவில் கீழே இருக்கும் சமதளப் புல்வெளியில் மாமியாரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஒரு சுற்று வரலாம். நாலு மணிக்குள் கிளம்பினால் பனி இறங்குவதற்குள் குன்னூர் வந்துவிடுவீர்கள்.

டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அரையாண்டு விடுமுறை என்பதால் திறந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.