ரீபோர் செய்த இன்ஜினை ஏற்றுவதற்கு முன் கீழேயே ஓட்டிப் பார்ப்பது எப்படி?

புஷ்ராடு:
நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய மாடல் இன்ஜின். ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி), புது பிஸ்டன், ரிங், பேரிங், வால்வுகளைத் திறக்கும் புது கேம் ஷாஃப்ட், அதன் மேல் உட்காரும் டேப்பெட் எல்லாம் போட்டு மூடியாச்சு. காரில் ஏற்றிய பிறகு பின்பக்க ஆயில் சீல் ஒழுகினால் மறுபடி இறக்கணும், அதனால் வெளியிலேயே ஓட்டிப் பார்க்கும் யோசனை. என்னென்ன தேவை? அரை மணி நேரம் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல்) விட்டால் ரிங் சிலிண்டர் சுவரில் பதிந்து செட் ஆகிவிடுமா?

ஸ்பானர்17:
ஓவர்ஹால் பண்ணும் சுழல் ஸ்டாண்டில் ஓட்டவே கூடாது. அது இன்ஜினைப் பின்பக்கம் மட்டும் பிடிக்கிறது, ஃப்ளைவீல் மாட்டவும் இடமில்லை. இன்ஜினின் சொந்த மவுண்டுகள் இரண்டு, பின்னால் ஒரு தாங்கல் என்று அகலமான இரும்பு ஃப்ரேம் வேண்டும். ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் இன்ஜின் பக்கவாட்டில் முறுக்கும். குறுகலான ஃப்ரேம் சாய்ந்துவிடும்.

செல்ஃப் மோட்டார் பெல் ஹவுசிங்கில் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள கூடு) மாட்டும் வகை என்றால் காலி ஹவுசிங்கைப் பூட்டுங்கள். கிளட்ச் பிளேட் வேண்டாம், சீல் ஒழுகினால் அதுவும் வீண். பேட்டரி எர்த் நேராக பிளாக்குக்கு வரணும், ஃப்ரேமுக்கு அல்ல. ரேடியேட்டரும் ஃபேனும் கட்டாயம். பெட்ரோல் கேனை எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம், தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் ஓட்டுங்கள், தீயணைப்பான் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். எச்சரிக்கை விளக்கை நம்பாமல், குழாய் வைத்த ஆயில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள்.

ஆயில்கேன்:
ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஆயில் ஏற்றுவதுதான் பாதி வேலை. ஆயில் பம்ப் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகச் சுற்றும் வகையா? டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, டிரில்லில் தண்டு மாட்டி, அது சுற்றும் அதே திசையில் சுற்றுங்கள். கேஜ் ஏறி, மேலே வால்வை அழுத்தும் ராக்கர் வரை ஆயில் வரணும். இடையில் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) கையால் கால் சுற்று திருப்பினால் எல்லா வழியும் நிறையும். பிளக்கைக் கழற்றி செல்ஃப் அடிப்பதும் வழிதான். ஆனால் புது கேமில் தடவிய பேஸ்ட் அதில் வழிந்துபோகும்.

பிறகு முதல் சிலிண்டர் பிஸ்டனை கம்ப்ரஷன் மேல்நிலைக்கு (வாயுவை அழுத்தி உச்சிக்கு வரும் நிலை) 10 டிகிரி முன்னால் நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டுங்கள். எக்ஸாஸ்ட் முடிகிற மேல்நிலையில் மாட்டிவிட்டால் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும், ஸ்டார்ட் ஆகாது. கார்புரேட்டர் கிண்ணத்தையும் முன்பே நிரப்புங்கள். முதல் முறுக்கிலேயே பிடிக்கணும்.

கேம்லோப்:
அரை மணி ஐடில் என்பதுதான் இந்த இன்ஜினுக்குச் செய்யக்கூடிய மோசமான காரியம். கேமுக்கும் தட்டை டேப்பெட்டுக்கும் ஆயில் பெரும்பாலும் கிராங்க் சிதறடிப்பதில்தான் கிடைக்கிறது. ஐடிலில் அது போதாது. இன்ஜின் பிடித்ததும் 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2000 சுற்று) தாண்டிக் கொண்டுபோய், 2000க்கும் 2500க்கும் நடுவில் ஏற்றி இறக்கி 20 நிமிடம். ஜிங்க், பாஸ்பரஸ் அதிகமுள்ள ஆயில் ஊற்றுங்கள்.

ரிங் விஷயம் வேறு. எரிந்த வாயு பின்னாலிருந்து தள்ளினால்தான் ரிங் சுவரில் பதியும். லோடு இல்லாமல் அந்த அழுத்தம் வராது. நீண்ட நேரம் சும்மா ஓட்டினால் சிலிண்டர் சுவரில் போட்ட ஹோனிங் கோடுகள் (நுண்ணிய கீறல்கள்) மேல் ஆயில் பளபளவென்று படிந்து, ரிங் கடைசிவரை உட்காராது. கேமுக்கான அந்த 20 நிமிடம் முடிந்ததும் நிறுத்துங்கள், மீதி ரோட்டில் லோடு கொடுத்து. ஓவர்ஹெட் கேம் (கேம் ஹெட்டிலேயே இருப்பது), கிண்ணம் போன்ற பக்கெட் டேப்பெட் இன்ஜின் என்றால் இந்த 20 நிமிடம் பொதுவாகத் தேவையில்லை. சூடேறி ஒழுகல் பார்த்தால் போதும்.

புஷ்ராடு:
நன்றி. ஓடும்போது எதைப் பார்க்கணும், எப்போது உடனே அணைக்கணும்?

ஆயில்கேன்:
5 விநாடியில் பிரஷர் வராவிட்டால் அணையுங்கள். சூடான பிறகு 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பொதுக் கணக்கு. உங்கள் மேனுவல் சொல்வதே முடிவு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிவந்தால் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், டைமிங் முந்தும்படி டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்புங்கள். முதல் சில நிமிடப் புகைக்குப் பயப்படாதீர்கள், அசெம்பிளியில் தடவிய ஆயில் எரிகிறது. டக் டக் சத்தம் லோடில்லாமலே கேட்டால் அணைத்துவிட்டுத் திறந்துதான் பார்க்கணும்.

பின்னால் ஈரம் தெரிந்தால் சீலைக் குறை சொல்லும் முன் மேலே பாருங்கள். ராக்கர் கவர் கேஸ்கெட்டிலிருந்தும் வழியும், கேம் ஷாஃப்டின் பின்மூடியிலிருந்தும் வரும். துடைத்துவிட்டு டால்கம் பவுடர் தூவி மறுபடி ஓட்டினால் தடம் தெரியும்.

கேம்லோப்:
அணைத்த பிறகு ஆயிலை மாற்றுங்கள், ஃபில்டரை வெட்டி மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். மை போன்ற சாம்பல் பொடி சகஜம். காந்தத்தில் ஒட்டும் செதில் இருந்தால் கேமையும் டேப்பெட்டையும் சந்தேகியுங்கள்; ஒட்டாத செம்பு நிறத் துணுக்கு பேரிங்கிலிருந்து வருவது. ஆறியதும் டேப்பெட் இடைவெளியை மறுபடி அளக்கணும். ஹெட் போல்டை மறுபடி முறுக்குவது கேஸ்கெட் வகையைப் பொறுத்தது, முறுக்கும்போது நீளும் வகை போல்டைத் தொடாதீர்கள்.