சிக்னல் கிடைக்காத இடத்தில் ஸ்மார்ட் மீட்டர் யூனிட்டை எப்படிக் கணக்கிடும்?

தரைத்தளவாசி எழுதியது:
சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் மீட்டர்கள் அனைத்தும் வாகன நிறுத்தத்தின் உள்மூலையில், இரும்புக் கதவு போட்ட பெட்டிக்குள் இருக்கின்றன. அங்கே கைப்பேசியில் ஒரு சொல் பேசி முடிப்பதற்குள் இணைப்பு துண்டித்துவிடும். இவற்றை மாற்றி, அளவைத் தானாகவே மின்வாரியத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தினால், சிக்னல் இல்லாத நாள்களின் யூனிட் விடுபட்டுப் போகுமா, அல்லது தோராயமாக ஒரு கணக்கைப் போட்டு எங்கள் தலையில் கட்டிவிடுவார்களா என்று குடியிருப்போர் கேட்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மீட்டர்_பரிசோதகர் எழுதியது:
அளப்பதும் அனுப்புவதும் இரு வேறு வேலைகள் என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீட்டருக்குள் இருக்கும் சிப், மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து, இரண்டையும் பெருக்கி, கிடைத்த ஆற்றலை ஓயாமல் கூட்டிக்கொண்டே போகிறது. முகப்பில் மினுக்கும் சிவப்பு விளக்கு இந்தக் கூட்டலின் வெளி அடையாளம். மீட்டரில் 3200 இம்பல்ஸ் என்று அச்சிட்டிருந்தால் அந்த விளக்கு 3200 முறை மினுக்கும்போது ஒரு யூனிட் ஆகும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு ஒன்றை மட்டும் போட்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 மினுக்கல்களை நீங்களே எண்ணலாம். மின்னழுத்தம் கூடக்குறைய இருந்தால் எண்ணிக்கையும் சற்று மாறும்.

இந்தக் கூட்டுத்தொகை, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் எழுதப்படுகிறது. அது தவிர, 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு முறை, அந்த இடைவெளியில் செலவான ஆற்றலையும் சராசரி மின்னழுத்தத்தையும் நேர முத்திரையோடு மீட்டர் தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவையெல்லாம் நடந்தே தீரும். அனுப்பப்படுவது அந்தப் பதிவின் நகல்தான். இணைப்பு திரும்பியதும், எந்தெந்த நேரத்துப் பதிவுகள் வந்து சேரவில்லையோ அவற்றை மட்டும் மின்வாரியத்தின் தலைமைக் கணினி மீட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். நடுவே விடுபட்ட இடைவெளிகளைக் கணினி தோராயமாக நிரப்புவதும் உண்டு என்றாலும், அது நாளின் நேரத்துக்கேற்ப யூனிட் விலை மாறும் இணைப்புகளைத்தான் பெரிதாகப் பாதிக்கும். மொத்த யூனிட் என்பது இரு தேதிகளின் கூட்டுத்தொகைகளுக்கு இடையிலான வித்தியாசம். அதை இடைவெளிகள் அசைக்க முடியாது.

வேளச்சேரி_வாசகர் எழுதியது:
அனுப்பும் வழியைப் பற்றிச் சிறிது. சில மீட்டர்களில் சிம் அட்டையே இருக்கும். அவை நேரடியாகக் கைப்பேசிக் கோபுரத்தோடு பேசும். மற்றவை 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றுக்கொன்று தகவலைக் கைமாற்றி, கம்பத்திலோ கட்டடத்திலோ பொருத்திய சேகரிப்புக் கருவியிடம் சேர்க்கும். உங்கள் அடுக்ககத்துக்கு இரண்டாவது வகை பொருந்தும் என்று நினைக்கிறேன், ஏனெனில் மீட்டர்கள் அருகருகே இருப்பதால் வெளிப்புறமாக உள்ள ஒன்றுக்கு சிக்னல் எட்டினால் மற்றவையும் அதன் வழியே போய்விடும். ஆனாலும் இரும்புக் கதவு அலையைத் தடுக்கும். ஆன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே வைக்கச் சொல்லிப் பொருத்த வருபவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தரைத்தளவாசி எழுதியது:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். கணக்கெடுக்க வருபவர் பத்து நாள் தாமதித்தால் இப்போது 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறோம், கட்டணமும் எகிறிவிடுகிறது. தகவல் தாமதமாகப் போனால் இதிலும் அதே கதைதானா? நாங்கள் வீட்டில் என்ன கருவியைப் போடுகிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியுமா?

மீட்டர்_பரிசோதகர் எழுதியது:
முதல் கேள்விக்கு: மீட்டருக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. பில்லுக்கென்று குறித்து வைத்த தேதியின் நள்ளிரவில் இருந்த யூனிட்டை அது அப்படியே தனியாக எடுத்து வைத்துவிடும். அந்த எண்ணைப் பத்து நாள் கழித்துப் படித்தாலும் அதே எண்தான் வரும். என் பார்வையில் நம் இருமாதக் கணக்குக்கு இந்த மீட்டர் தரும் பெரிய நன்மை இதுவே. ஆள் வராமல் வேலை நடப்பது அதற்கு அடுத்ததுதான்.

இரண்டாவதில் முழு ஆறுதல் தர இயலாது. அரை மணி நேரத் தொகையிலிருந்து எந்தக் கருவி என்று சொல்வது கடினம். ஆனால் இரவு முழுவதும் ஏசி ஓடியதா, வீடு பூட்டிக் கிடக்கிறதா என்பதை ஓரளவு ஊகிக்கலாம். அதனால்தான் தகவல் 128 பிட் சாவியால் (நீண்ட ரகசிய எண்ணால்) மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. வழியில் எடுத்துப் படிப்பது எளிதன்று. மூடியைத் திறப்பது, காந்தம் வைப்பது போன்றவையும் நேரத்தோடு பதிவாகும் என்பதைக் குடியிருப்போருக்குச் சொல்லி வையுங்கள்.

வேளச்சேரி_வாசகர் எழுதியது:
யூனிட் கூடுதலாக ஓடுகிறது என்று ஐயம் வந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் செய்த திருத்தத்தின்படி, புகார் கிடைத்த 5 நாள்களுக்குள் மின்விநியோக நிறுவனம் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது 3 மாதம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். பழைய மீட்டரைக் கழற்றும்போது அதன் இறுதி அளவு தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துக்கொள்வது நல்லது. மீட்டர் மாற்றிய பின் எழும் தகராறுகளில் பெரும்பாலும் கேட்கப்படுவது அந்த எண்தான்.