குமார் பட்டேலின் லேசரோடு பழகியவர்கள்

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது எங்கள் லேபில் ஒரு கார்பன் டை ஆக்சைடு லேசர் இருந்தது. அலைநீளம் 10.6 மைக்ரான், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது. சிவப்பு ஹீலியம்-நியான் கதிரை வழிகாட்டியாக விட்டுத்தான் ஆடிகளைச் சரிசெய்வோம். அப்புறம் ஓர் அக்ரிலிக் கட்டையைக் குறுக்கே நீட்டினால் குழி விழும். குழியின் வடிவம் பார்த்தே கதிர் ஒழுங்காக வருகிறதா என்று சொல்லிவிடலாம். (அந்த நாற்றம் மட்டும் சட்டையை விட்டுப் போகாது.)

இதைக் கண்டுபிடித்த குமார் பட்டேல் 1938இல் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். புனேயில் பொறியியல், ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம், 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை. அன்றைய வாயு லேசர்கள் அணுக்களை நம்பியிருந்தன. கிடைத்ததோ மில்லிவாட் கணக்கு. இவர் மூலக்கூறின் அதிர்வைப் பிடித்தார். 1964இல் வந்த முதல் கருவியும் மில்லிவாட்தான். நைட்ரஜனைச் சேர்த்த பிறகே கதை மாறியது. மின்சாரம் பாய்ந்தால் நைட்ரஜன் எளிதில் அதிரும், வாங்கிய ஆற்றலைச் சீக்கிரம் விடாது. கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு மேல் ஆற்றல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்கும்போதுதான் லேசர் ஒளி வரும். நைட்ரஜனின் ஆற்றல் அந்த மேல்நிலைக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும், ஒரு மோதலில் கைமாறிவிடும். கூடவே ஹீலியம் கீழ்நிலையைக் காலிசெய்து வாயுவையும் குளிர்விக்கும். ஓரிரு ஆண்டுகளில் நூறு வாட்டைத் தாண்டியாயிற்று. வாயுக் குழாயை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போயிருந்தால் இது நடந்திருக்காது.

*

நீங்கள் சொல்லும் நைட்ரஜனும் ஹீலியமும் எனக்கு சிலிண்டர் பில்லாகத்தான் பழக்கம் சார்! கட்டிங் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். தகடு வெட்ட இப்போது ஃபைபர் லேசர் வந்துவிட்டது, பழைய பெரிய கார்பன் டை ஆக்சைடு (சிஓ2) மெஷினை விற்றாயிற்று. ஆனால் தெளிந்த அக்ரிலிக்கை ஃபைபரில் வைத்தால் ஒளி ஊடுருவிப் போய்விடும். அதனால் போர்டு வேலைக்குச் சின்ன சிஓ2 மெஷின் ஒன்று இன்னும் ஓடுகிறது. லென்ஸ் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். ஜிங்க் செலினைடு தம்பி, சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விழுங்கிவிடும் என்பேன்.

*

அதே காரணத்தால்தான் எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இந்த லேசருக்கு நிறமில்லாத காப்புக் கண்ணாடியே போதும் அண்ணா. நான் நர்ஸ். குரல்வளை அறுவைக்கு இதை வைத்திருந்தோம். தண்ணீர் இந்தக் கதிரை நன்றாக உறிஞ்சும், திசுவும் பெரும்பாலும் தண்ணீர்தானே. மேலாக மட்டும் ஆவியாகும், ஆழமாக இறங்காது. நோயாளியின் முகத்தைச் சுற்றி ஈரத்துணி போடுவது என் வேலை. மூச்சுக்குழாயில் இருக்கும் டியூப் தீப்பிடித்தால் அவ்வளவுதான், அந்தப் பயம் கடைசிவரை எனக்குப் போகவில்லை. இதற்குப் பின்னால் ஒரு பாராமதிக்காரர் இருப்பது இன்றுதான் தெரியும்.

*

இன்னொன்றும் உண்டு அக்கா. 1970களில் லேசர் கருவியைப் பலூனில் ஏற்றி, ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் மேல் வளிமண்டல அடுக்கில் நைட்ரிக் ஆக்சைடை அளந்த குழுவிலும் பட்டேல் இருந்தார். அந்த வாயு ஓசோனை அழிக்கும் என்ற கவலை கிளம்பிய காலம் அது. வெயில் ஏறியதும் அந்த வாயு கூடுவதை அந்த அளவீடு காட்டியது.