அப்பாவுக்கு வாசிக்க பைபிள்ல எந்த அதிகாரம்? கொஞ்சம் சொல்லுங்க
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைல இருக்கோம், அம்மா ஈஸ்டருக்கு முந்தின வாரம் தவறிட்டாங்க, அதுல இருந்து அப்பா (72 வயசு) கோயிலுக்கு வர்றதில்ல, சரியா சாப்பிடுறதில்ல, விடியக்காலம் மூணு மணிக்கே முழிச்சு உக்காந்திருக்காரு. டாக்டர்ட்ட காட்டி மாத்திரை ஓடுது, அது தனி. கண்ணுல புரை, அதனால ராத்திரி நான்தான் வேதம் வாசிச்சுக் காட்டுறேன்.

சங்கீதம் 23 ஆரம்பிச்சாலே போதும்னு கைய காட்டிடுறாரு, அடக்க ஆராதனைல கேட்டதாம். ரோமர் 8:28 (தேவன்மேல அன்பா இருக்கிறவங்களுக்கு எல்லாம் நன்மைக்கேதுவா நடக்கும்ங்கிற வசனம்) சொன்னா கோவம்தான் வருது, துக்கம் விசாரிக்க வந்தவங்க எல்லாம் அதையே சொல்லிட்டுப் போனாங்க (பைபிள்ல பிள்ளைங்களயே இழந்து உக்காந்திருந்த யோபுவோட சிநேகிதங்க கூட முதல் ஏழு நாள் வாயத் திறக்கல!). சபை ஐயர் (போதகர்) வந்து ஜெபம் பண்ணாரு, மொபைல்ல ஆடியோ பைபிள் போட்டுப் பாத்தேன், அணைச்சுட்டாரு.

சங்கீதம் 88 மட்டும் முழுசா கேட்டாரு. அதுல கடைசி வசனம் வரைக்கும் விடிவே கிடையாது, ஆனா இன்னொரு தடவ வாசின்னாரு. 1 இராஜாக்கள் 19ம் அப்படித்தான், சாகணும்னு கேட்ட எலியா தீர்க்கதரிசிய கர்த்தர் திட்டல, அடையும் தண்ணியும் குடுத்து மறுபடி தூங்க விட்டாரு, அந்த எடத்துல அப்பா அழுதுட்டாரு.

இப்படி, உபதேசம் பண்ணாம துக்கத்த துக்கமாவே விடுற அதிகாரம் வேற எதெல்லாம் இருக்கு?